இரண்டு வாய்க்கு ஒரு பெயர்

படிவத்தில் மற்ற பெட்டிகள் எல்லாம் நிரம்பிவிட்டன. பிறந்த தேதி, எடை, அம்மா, அப்பா, குடும்பப் பெயர், முகவரி எதிலும் குறையில்லை. முதல் பெயர் என்ற பெட்டி மட்டும் இருபத்தேழு நாளாகக் காலியாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் அதை நிரப்பாவிட்டால் நீதிமன்றத்தில் மனுப் போட்டுத்தான் பிள்ளைக்குப் பெயர் வாங்க வேண்டும் என்று பதிவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அன்று திங்கட்கிழமை.

"ஏதாவது ஒண்ணை எழுதுங்களேன்," என்றாள் மனைவி. அவள் தோளில் உருண்டை கிடந்தான். அதுவரை பிள்ளைக்கு இருந்த ஒரே பெயர் அதுதான்.

"ஏதாவது ஒண்ணை எழுதிட்டு, அவன் ஆயுசு பூரா அனுபவிக்கணுமா?"

அனுபவித்தவரின் பேச்சு அது. அப்பாக்காரர் பார்சல் கிடங்கில் வேலை பார்ப்பவர். அவருடைய பெயரில் ஏழு எழுத்து, நடுவில் ஒரு ழகரம். அந்த ஊரில் பாதிப் பேர் ஆங்கிலம், மீதிப் பேர் பிரெஞ்சு. ஆங்கிலம் பேசும் மேற்பார்வையாளர் அவரைக் கூப்பிடும்போது மூன்றாவது எழுத்தோடு களைத்து நின்றுவிடுவார். பிரெஞ்சு பேசும் வேன் டிரைவர் நான்காவது எழுத்திலிருந்து ஆரம்பிப்பார். இரண்டு பேரும் சேர்ந்து கூப்பிட்டால்தான் அவர் முழு மனிதர்.

பன்னிரண்டு வருஷமாக இப்படி அரைகுறையாகக் கூப்பிடப்பட்டதில் அவருக்கே தன் பெயரைக் கேட்டால் அலுப்புத் தட்டியது. டாக்டர் வீட்டு வரிசையில் யாராவது காகிதத்தைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தால், தன் முறை வந்துவிட்டது என்று இவராகவே எழுந்து போய்விடுவார். அது அவமானமாகத்தான் இருந்தது. பிள்ளைக்கு அது வரக்கூடாது. இரண்டு மொழிக்காரன் வாயிலும் அவன் பெயர் முழுசாக வரவேண்டும். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

முதலில் உறவில் கேட்டார். மனைவியின் அண்ணன் பிரெஞ்சுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். இவருடைய அக்கா ஆங்கிலம் பேசும் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கோகுல் என்றதும் மச்சான் சிரித்த சிரிப்பில் போனே கீழே விழுந்தது. குல் என்று முடிந்தால் பிரெஞ்சுக்காரனுக்கு அது உடம்பில் உட்காரும் இடமாம். ஹர்ஷித் என்றபோது அக்கா, அதன் வாலை ஆங்கிலத்தில் டயப்பர் மாற்றும்போதுதான் சொல்லமுடியும் என்றாள். மாறன் அக்காவுக்குப் பிடித்திருந்தது. பிரெஞ்சு வாயில் அது தமாஷ் பேர்வழி என்று ஆகிவிடும் என்று மச்சான் முட்டுக்கட்டை போட்டார். பேச்சு அப்படியே வளர்ந்து, எந்த மொழி பெரிய மொழி என்ற சண்டையாகி, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்கா கோபித்துக்கொண்டு குடும்பக் குரூப்பிலிருந்து வெளியேறினாள்.

"பேர் வைக்கறதுக்குள்ள பிள்ளைக்கு அத்தை இல்லாம பண்ணிட்டீங்க," என்றாள் மனைவி.

சொந்தக்காரர்களை நம்பிப் பிரயோஜனமில்லை என்று அவர் கிடங்கிலேயே பரீட்சை வைக்கத் துணிந்தார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஓடும் ரப்பர் பட்டையில் வரும் பார்சலை எடுத்து மேற்பார்வையாளர் பெயரை உரக்கப் படிப்பார், டிரைவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு வேனில் ஏற்றுவார். புதன்கிழமை காலை இவர் பதினொரு காலி அட்டைப்பெட்டிகளில் பெட்டிக்கொரு பெயரை ஒட்டிப் பட்டையில் விட்டார். முகவரி இல்லாவிட்டால் மெஷின் ஏற்காது என்பதால் தன் வீட்டு முகவரியையே போட்டார். வேனில் ஏறுமுன் எடுத்துக்கொண்டால் போகிறது.

முதல் பெட்டி போய்ச் சேர்வதற்குள் பட்டையின் மறுமுனையில் ஏதோ சிக்கிக்கொண்டது. இவரைத்தான் கூப்பிட்டார்கள், அதாவது பாதியை. சிக்கலை எடுத்துவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்தால் வேன் கிளம்பிப் போயிருந்தது. யார் எதை எப்படிப் படித்தார்கள் என்று ஒன்றுமே காதில் விழவில்லை.

மத்தியானம் மனைவி போன் செய்தாள். ஆளுக்கொரு கையெழுத்து வாங்கவேண்டும் என்பது விதி. பெட்டிகளோ வேனில் மூலைக்கொன்றாகக் கிடந்தன. டிரைவர் பதினொரு தடவை மாடியேறி, பதினொரு தடவை மணி அடித்தார். உருண்டை பதினொரு தடவை விழித்தான்.

"இந்த வீட்ல மொத்தம் எத்தனை பேர்னு டிரைவர் கேக்கறாரு. நான் என்னன்னு சொல்லட்டும்?"

கீழ்வீட்டிலிருந்த வீட்டுச் சொந்தக்காரரும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். இரண்டு பேருக்குத்தானே வீடு விட்டோம் என்று சாயங்காலம் மேலே வந்து, கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை மேற்பார்வையாளர் அறைக்கு அழைப்பு வந்தது. ஒரே முகவரிக்குப் பதினொரு காலிப் பெட்டி அனுப்பிய மர்மத்தை அவர் விசாரித்தார். ஒவ்வொரு பெயராகப் படித்து, இது யார், இது யார் என்று கேட்டார். பத்துப் பெயர்கள் அவர் வாயில் கை கால் ஒடிந்து விழுந்தன. ஏழாவது மட்டும், இரண்டே அசை, ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தது.

"சார், அந்த ஏழாவதை இன்னொரு தடவை படிங்க."

அவர் படித்தார். அதற்கும் சேர்த்து எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் மனைவி ஒரு பெட்டியைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். டிரைவர் தடுமாறாமல் படித்தது அது ஒன்றைத்தான் என்றாள். பார்த்தால் அதே ஏழாவது. அப்பாக்காரர் மற்ற பத்துப் பெட்டிகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் கண் கலங்கியது. சந்தோஷமா அசதியா என்று பிரித்துச் சொல்ல அவருக்கே தெம்பில்லை. மச்சான் சரி என்றார். அக்காவும் குரூப்புக்குத் திரும்பி வந்து சரி என்றாள்.

வெள்ளிக்கிழமை இரண்டே முக்காலுக்கு மூன்று பேரும் பதிவு அலுவலகத்தில் இருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் படிவத்தை எடுத்து, முதல் பெயரைப் பிரெஞ்சில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை படித்தாள். இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தன. அவர் மனைவியைப் பார்த்தார். அவளும் ஒரு மாதத்துக்குப் பிறகு சிரித்தாள்.

அந்தப் பெண் அடுத்திருந்த குடும்பப் பெயர் பெட்டியைப் படிக்கப் போய், மூன்றாவது எழுத்தில் நின்று, தண்ணீர் குடித்தாள்.

"அது என் பேருங்க, நீங்க கஷ்டப்பட வேண்டாம்," என்றார் அப்பாக்காரர். "எங்க வழக்கப்படி என் காகிதத்துல அப்பா பேர் முன்னாடி, என் பேர் பின்னாடி இருக்கும். உங்க படிவத்துல கடைசில குடும்பப் பேர்னு கேட்டிருந்தீங்க, எங்களுக்கு அது அப்பா பேர்தான். அதான் இவனுக்கு என் பேர் பின்னாடி வந்திருக்கு, வேற ஒண்ணுமில்லை."

அவள் ஓங்கி ஒரு முத்திரை குத்தி, காகிதத்தை அவரிடம் நீட்டினாள்.

"இங்க முன்னாடி இருக்கிறது வீட்ல கூப்பிடத்தான் சார். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேலை, எங்க போனாலும் பின்னாடி இருக்கிற பேரைத்தான் கூப்பிடுவாங்க, உங்களையும் அப்படித்தானே கூப்பிடறாங்க?"