ஆகாயப் படிக்கட்டு பார்க்க வந்த கணவர்

புருஷன் பெண்டாட்டியைப் பார்க்க வருவது எல்லா ஊரிலும் தினப்படி நடக்கிற காரியம். அதை யாரும் பேப்பரில் போடுவதில்லை. வருகிறார், காலிங் பெல்லை அழுத்துகிறார், "ஏன் இவ்வளவு லேட்டு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்தப் புருஷன் வேறொரு நாட்டுக்காரராகப் பிறந்து தொலைத்துவிட்டால், அவர் பெல்லை அழுத்துவதற்கு முன்னால் தேசத்தின் பாதுகாப்பு, பொருளாதாரம், இறையாண்மை மூன்றும் கூடி உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

இது நம் கண்ணாடிக்காரிக்குத் தெரியாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள் அவள். "மேல் வரியைப் படிங்க, இப்ப கீழ் வரி" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, சரியான கண்ணாடியைப் போட்டுவிட்டால் உலகத்தில் எல்லாமே தெளிவாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்த அப்பாவி. வெளிநாட்டில் படித்தபோது ஒரு லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். கதவைத் திறந்துவிட வந்த மெக்கானிக்கையே கல்யாணம் செய்துகொண்டாள். பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்தவள் வந்தவள்தான்; குழந்தையின் பாஸ்போர்ட் வேறொரு அலுவலகத்தில் வேறொரு மேசையில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அது தனிக் கதை, அதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

குழந்தை இதற்குள் குப்புற விழுந்து, தவழ்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்துவிட்டது. அப்பா என்றால் அதற்குக் கைபேசிதான். சார்ஜ் போட்டிருக்கும் இடத்துக்குப் போய் "ப்பா, ப்பா" என்று தட்டும். மெக்கானிக்குக்கு ஒருவழியாகப் பத்து நாள் லீவு கிடைத்தது. குழந்தை நடப்பதற்குள் ஒரு தடவை கையில் தூக்கிவிட வேண்டும், இதுதான் அவர் ஆசை. அவள் ஆசையும் அதுதான்.

விசா அலுவலகத்துக்குப் போனாள். கவுன்டரில் இருந்த அதிகாரி மூக்கு நுனியில் கண்ணாடியை நிறுத்தி, அதற்கு மேல் வழியாக அவளைப் பார்த்தார். பவர் மாற்றி ரொம்ப நாளாகியிருக்கும் என்று அவளுக்கு உடனே புரிந்தது. விண்ணப்பத்தை நீட்டினாள்.

"வருகையின் நோக்கம்?"

"என்னையும் குழந்தையையும் பார்க்கறது சார்."

"இங்கேயே தங்கப்போறாரா?"

"இல்ல சார், பத்து நாள்தான்."

"பத்து நாள் இருந்துட்டுப் போறவருக்குப் பேரு புருஷன் இல்லம்மா, சுற்றுலாப் பயணி. குடும்ப விசா வேற, அது கிடைக்கறதுக்குள்ள உங்க குழந்தை காலேஜுக்குப் போயிடும். சுற்றுலாவுக்கே போடுங்க." இப்படிச் சொன்னபோது அவர் முகத்தில் நிஜமான கருணை இருந்தது. "பார்க்க விரும்பும் இடங்கள்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதை நிரப்புங்க."

அவள் 'மனைவி, மகள்' என்று எழுதிக் கொடுத்தாள். அதிகாரி மேசைக்கடியிலிருந்து, அங்கீகரிக்கப்பட்ட சுற்றுலாத் தலங்களின் பட்டியலை எடுத்தார். மனுஷன் ஏமாற்றவில்லை, விரல் வைத்து நேர்மையாகத் தேடினார். மணல்மேடு இருந்தது. மலைக்குகை இருந்தது. அருவி இருந்தது. மான் பூங்காகூட இருந்தது.

"மனைவி இல்லம்மா. நீங்களே வேணும்னாலும் பாருங்க."

"அப்ப அருவின்னு எழுதிட்டு எங்க வீட்டுக்கு வந்துடட்டும் சார்."

"அருவின்னு எழுதினா அவர் அருவியிலதான் இருக்கணும். அருவியில இல்லாத அருவிப் பயணியைப் பிடிச்சு அடுத்த விமானத்துல ஏத்திடுவாங்க. உங்க ஊர்ல பார்க்கறதுக்கு ஏதாவது இருந்தா எழுதுங்க."

"எங்க ஊர்ல ஒண்ணுமே இல்லையே சார்."

"அப்புறம் அவர் எதுக்கும்மா வர்றார்?" என்று கேட்டார் அதிகாரி. கேள்வியில் நியாயம் இருந்தது.

அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். நிற்க இடமில்லாத பஸ்ஸில் பள்ளிக்கூடம் ஒன்றையே ஏற்றியவர்.

"இதுக்குப் போயா அழற? பட்டியல்ல இல்லேன்னா ஏத்திட வேண்டியதுதானே பாப்பா. நான் ஏத்தாத ஆளா?" என்றார்.

மறுநாளே சுற்றுலாத் துறைக்கு விண்ணப்பம் போனது. சில நாளில் ஆய்வாளர் ஒருவர் கறுப்புக் கண்ணாடியும் கழுத்தில் கேமராவுமாக வந்து இறங்கினார். முன்னறையைப் பார்த்தார், சமையலறையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"இதெல்லாம் எல்லார் வீட்டுலயும் இருக்கு பெரியவரே."

பின்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். அங்கே ஒரு படிக்கட்டு, கைப்பிடியும் பளிங்குமாக லட்சணமாக மேலே ஏறி, ஆகாயத்தில் போய் நின்றது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கைப்பிடியில் குழந்தையின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"இது எங்க போகுது?"

"எங்கயும் போகல சார். மாடி கட்ட அனுமதி கேட்டேன். படிக்கு ஒரு பிரிவு, மாடிக்கு இன்னொரு பிரிவுன்னாங்க. படிக்கு அனுமதி வந்துச்சு. மாடிக்கு இன்னும் பார்த்துக்கிட்டே இருக்காங்க."

"எந்தக் காலத்தைச் சேர்ந்தது?"

"போன ஆட்சிக் காலம் சார்."

"பழமை வாய்ந்தது" என்று ஆய்வாளர் குறித்துக்கொண்டார். அன்று அவர் எழுதிய அறிக்கையைத் துறையில் இன்றும் எடுத்துக்காட்டாகப் படிக்கிறார்களாம். மனித முயற்சியின் எல்லையையும் வானத்தின் எல்லையின்மையையும் ஒருங்கே உணர்த்தும் முற்றுப்பெறாத மாபெரும் கட்டுமானம் என்று அதில் இருந்தது. மாடிக்கு ஆயுசுக்கும் வராத அனுமதி, மாடி இல்லாததற்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது.

நிபந்தனைகள் சிலவும் கூடவே வந்தன. முன்னறையில் டிக்கெட் மேசை போட வேண்டும். வாசல் வழியாக நுழைந்து சமையலறை வழியாக வெளியேற அம்புக்குறி வரைய வேண்டும். திறந்திருக்கும் நேரம் பத்திலிருந்து ஐந்து. துறையின் காவலாளி ஒருவர் இரவும் பகலும் இருப்பார். வசிப்பவர்கள், பார்வையாளர்களுக்குத் தெரியாதவாறு வசிக்க வேண்டும்.

"அது எப்படி சார் தெரியாம வசிக்கறது?" என்று கேட்டாள் கண்ணாடிக்காரி.

"அது உங்க சாமர்த்தியம். யாராவது வசிக்கறாங்கன்னு வெளியில தெரிஞ்சா, அது வீடு. வீடுன்னா பட்டியல்ல இருக்க முடியாது. பட்டியல்ல இல்லேன்னா அதை நம்பிக் கொடுத்த விசாவும் ரத்து" என்றார் ஆய்வாளர்.

அவள் மறுபடி விசா கவுன்டருக்குப் போனாள். 'ஆகாயப் படிக்கட்டு' பட்டியலில் முதல் பக்கத்திலேயே இருந்தது. அதிகாரிக்கு அவளைவிட சந்தோஷம். ஒரே ஒரு சந்தேகம்தான்.

"லிஃப்ட் மெக்கானிக்குக்குப் படிக்கட்டு மேல என்னம்மா ஆசை?"

"காலம் பூரா லிஃப்டையே பார்த்து அலுத்துப்போச்சாம் சார்."

"வாஸ்தவம்தான்" என்று முத்திரை குத்தினார். "ஆனா ராத்திரி லாட்ஜ்லதான் தங்கணும். சுற்றுலாத் தலத்துல யாரும் படுக்கக்கூடாது."

இதோடு விட்டிருந்தால் தொல்லை இல்லை. நம் ஜனங்கள் விடுவார்களா? யாரோ ஒரு பெண் கடைசிப் படியில் ஏறி, கையை விரித்து, படம் எடுத்துப் போட்டாள். அடுத்த வாரம் தெரு தாங்கவில்லை. புதுமணத் தம்பதிகள் வந்தார்கள், நாய்க்குச் சட்டை போட்டவர்கள் வந்தார்கள். ஏறி, எங்கும் போகாமல், இறங்குவதில் பெரிய தத்துவம் இருப்பதாக ஒருவர் கண்டுபிடித்து அதற்கு வகுப்பு எடுத்தார். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், நன்றாக இருந்த மாடியை இடித்துவிட்டுப் படியை மட்டும் வைத்துக்கொண்டார். வந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு அலுவலகத்தில் நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்தவர்கள்தான். ஆனால் அனுமதி கிடைக்காத மாடியின் முன்னால் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள்.

அப்பாவுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. பழைய தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எவ்வளவு காலியா இருக்கு பாருங்க" என்று கூவிக்கொண்டிருந்தார். குழந்தையைத் திரை போட்ட பக்கத்து அறையில் வைத்திருந்தார்கள். அது அழுதால் வெளியே காவலாளி பலமாக இருமுவார். நல்ல மனிதர்.

மெக்கானிக் வருகிற நாள் ஞாயிற்றுக்கிழமையாகப் போயிற்று. கண்ணாடிக்காரி புதுச் சேலை கட்டி, விமான நிலையத்துக்குக் கிளம்பி நின்றாள். பின்பக்கம் கடைசிப் படியில் யார் முதலில் நிற்பது என்று இரண்டு குடும்பங்களுக்குள் கைகலப்பு. விலக்கிவிட ஓடிய அப்பா, "பத்து நிமிஷம் மேசையைப் பார்த்துக்கோ பாப்பா" என்று பையை அவள் தோளில் மாட்டிவிட்டுப் போனார். பத்து நிமிஷம் ஒரு மணியாயிற்று, ஒன்றரை மணியாயிற்று. வரிசை குறையவே இல்லை. அவள் தலை நிமிராமல் கிழித்துக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே மனசு கொதித்தது.

"ஒண்ணு" என்றது ஒரு குரல். உச்சரிப்பு கொஞ்சம் கோணலாக இருந்தது.

"வெளிநாட்டுக்காரங்களுக்கு அந்தப் பக்கம் வரிசை. இங்க நிக்காதீங்க" என்று நிமிராமலே சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

கையில் பெட்டியும் கக்கத்தில் ஒரு துணிக்கரடியுமாக அவள் புருஷன் நின்றிருந்தார். அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் விழுந்தது. அவர் மேசைக்கு மேலாகக் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டார். இரண்டு பேருக்கும் கண்ணீர் வந்தது. திரைக்குப் பின்னால் குழந்தை வீறிட்டது. காவலாளி இருமினார்.

வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அடுத்து நின்ற அம்மா, இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான் சொன்னாள்: "ஏம்மா, குடும்ப விஷயத்தை வீட்டுல போய்ப் பேசிக்கக் கூடாதா? நாங்களும் எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கோம்."

"அதானே" என்றார்கள் பின்னால் இருந்தவர்கள்.

'இதுதாங்க எங்க வீடு' என்ற வார்த்தை கண்ணாடிக்காரியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் வீடு. வீடென்றால் பட்டியல் இல்லை. பட்டியல் இல்லையென்றால் அடுத்த விமானம்.

அவள் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு டிக்கெட்டைக் கிழித்துப் புருஷன் கையில் கொடுத்து, அம்புக்குறியைக் காட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்து யாருங்க?"