சந்தனம் பூசிய சிந்தசைசர்

கடைக்காரர் சொல்வதைக் கேட்கிறவன் ஏமாளி என்பது ஒரு காலத்தில் என் கொள்கை. இருபத்தெட்டு வயது வரை அதில் அசையாமல் நின்றேன். அதைக் கைவிட்டது அயோத்தியாப்பட்டணத்தில், பட்டு வேட்டி கட்டி, தலையில் உருமால் சுற்றி, சொந்தபந்தம் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றபோது.

அக்கா அங்கே வீடு கட்டியிருந்தாள். எங்கள் பக்கத்தில் புதுமனை புகுவிழா என்றால் தாய்வீட்டுச் சீர் போக வேண்டும். பெண்ணுக்குத் தம்பி இருந்தால் முன்னால் நடக்க வேண்டியவன் அவன்தான். நான் நாமகிரிப்பேட்டையில் இரண்டு லாரிகளுக்கு முதலாளி. (ஒன்று ஓடும். இன்னொன்று பட்டறையில் நிற்கும். எது எது என்பது மட்டும் மாதத்துக்கு மாதம் மாறும்.)

அக்கா போனில் சொன்னாள்: "பாத்திரம் பண்டமெல்லாம் வேண்டாஞ் சாமி. ஊடு நெறைய கெடக்குது. இனியா ஊட்டுல பழகறதுக்கு ஒரு பியானோ வாங்கிக் குடுத்துரு. அதுதான் எனக்குச் சீரு."

இனியா அவள் மகள், அப்போது பதினோரு வயது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு டீச்சரிடம் வாரம் இரண்டு நாள் பியானோ கற்றுக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் கிரேடு பரீட்சை. வீட்டிலோ கருவி கிடையாது. சார்ட் பேப்பர்களை நீளமாக ஒட்டி, ஸ்கேல் வைத்துப் பியானோக் கட்டைகளை வரைந்து, சாப்பாட்டு மேசையில் விரித்து அதன்மேல் விரலை ஓட்டுவாள். சத்தத்தை வாயாலேயே போட்டுக்கொள்வாள். பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்: இந்தப் பிள்ளைக்கு நான் மாமன், இதைக்கூடச் செய்யாவிட்டால் என்ன மாமன்?

டீச்சர் வாட்ஸ்அப்பில் மூன்று வரி அனுப்பியிருந்தார். டிஜிட்டல் பியானோவாக இருக்க வேண்டும், எண்பத்தெட்டுக் கட்டை வேண்டும், கட்டை அழுத்துவதற்குக் கனமாக இருக்க வேண்டும். படித்தேன். படித்ததோடு சரி.

சேலத்தில் கடைக்குப் போனேன். விற்பனையாளர் ஒரு டிஜிட்டல் பியானோவைக் காட்டினார். ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தேன். கல்லை அழுத்துவது போலிருந்தது.

"ஏனுங்க, இறுகிக் கெடக்குதே? ரொம்ப நாளா விக்காத சரக்குங்களா?"

"இல்லீங்க, அப்படித்தான் இருக்கோணும். நெசப் பியானோ அப்படித்தானுங்க இருக்கும்."

"சரி, இதுல என்னென்ன சத்தம் வரும்?"

"பியானோங்க."

"அப்பறம்?"

"அப்பறமும் பியானோதானுங்க. கூட ஒரு பத்துச் சத்தம் வரும்."

பக்கத்தில் ஒரு சிந்தசைசர் நின்றது. உடம்பெல்லாம் பொத்தான், திருகு, நீலமும் சிவப்புமாக விளக்கு. தொட்டால் கட்டை பூப்போல இறங்கியது. பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய லாரியை ஓட்டித் தோள்பட்டை கழன்றவன் நான். லேசாக இருப்பதுதான் உசத்தி என்று என் உடம்புக்கே தெரியும். அதில் சத்தமோ அறுநூற்றுச் சொச்சம். எனக்குப் பிடித்தது அதில் ஒன்று: மெல்லக் கிளம்பி, ஏறி ஏறி, கடை முழுக்க நிறைந்து நிற்கும் சத்தம்.

"ஊட்டுல பழகறதுக்குன்னா அது வேண்டாங்க," என்றார் அவர். "இது கச்சேரிக்காரங்க வாங்கறது. இதுல அறுபத்தொண்ணுதானுங்க கட்டை."

"புள்ளைக்கு வெரலு பத்துதானுங்க. அறுபத்தொண்ணு பத்தாதா?"

அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். பிறகு கேட்டார்: "அப்ப ஸ்பீக்கர் ஒண்ணு சேத்துப் போட்றட்டுங்களா?"

வந்துவிட்டாரா வழிக்கு! வண்டி வாங்கினால் சீட் கவர், பாய், சென்ட் பாட்டில் என்று தலையில் கட்டுகிற கூட்டத்தை எத்தனை பார்த்திருக்கிறேன்? "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், பொட்டிய மட்டும் கட்டுங்க," என்றேன். கடையில் நான் கேட்ட சத்தமெல்லாம் மேசைக்கு அடியில் இருந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தது என்பதும், அந்தப் பெட்டிக்கென்று சொந்த வாய் கிடையாது என்பதும் எனக்குத் தெரியாது. (கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்டால் ஏமாளி ஆகிவிடுவேனே!)

சீர்ப் பொருளைப் பொட்டு வைக்காமல் எடுத்துப் போகலாமா? விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்துவிட்டாள். கறுப்புக் கட்டைகளில் சந்தனம் எடுப்பாக இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் வைத்தாள். வெள்ளைக் கட்டைகளுக்குக் குங்குமம். மிச்சமிருந்த சந்தனத்தை, வீணாக்குவானேன் என்று, சந்துகளில் தடவிவிட்டாள். நான் பக்கத்திலிருந்து, "இந்த ஓரத்துல உட்டுட்டீங்கம்மா," என்று காட்டிக்கொடுத்தேன். ஒரு தடவை கரண்ட் கொடுத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

மறுநாள் விடிகாலை முகூர்த்தம். பதினோரு தட்டு, மேளம், நடுவில் இரண்டு பங்காளிகள் பிடித்துவர, மாலை போட்ட சிந்தசைசர். வாசலில் அய்யர் காத்திருந்தார். வீட்டுக்குள் முதலில் நுழைய வேண்டிய பசுவும் கன்றும் பந்தல்காலில் கட்டியிருந்தன. நேராக உள்ளே போயிருந்தால் என் மானம் இன்னும் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்திருக்கும்.

"மேளத்த நிறுத்துங்க! எம்பட மருமவ வாசிச்சுட்டுத்தான் உள்ள போறது!" என்றேன்.

மேளம் நின்றது. மேசை போட்டு, கரண்ட் கொடுத்தோம். விளக்கெல்லாம் எரிந்தது. ஊரே "ஆ" என்றது. இனியா பட்டுப் பாவாடையோடு வந்து, பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, என் காதில், "மாமா, இதுல ஸ்பீக்கர் எங்க இருக்கு?" என்றாள்.

"உள்ளுக்குள்ள இருக்கும் கண்ணு. நீ அடி."

அடித்தாள். சத்தமில்லை. அழுத்தி அடித்தாள். சத்தமில்லை. பெரியப்பா ஒருவர் காதில் கையை வைத்துக்கொண்டு, "எனக்குத்தான் கேக்கலயா, ஆருக்குமே கேக்கலயா?" என்றார். பின்வரிசையிலிருந்து, "மாமங்காரன் ஊமைப் பொட்டியத் தூக்கியாந்துட்டான்டோய்!" என்று ஒரு குரல். சிரிப்பு கிளம்பியது. எனக்கு உருமாலுக்குள் வேர்த்துக் கொட்டியது.

மைக்செட்காரர் நல்ல மனுசன். "ஒயர் இருக்குதுங்க, நான் குடுக்கறேன்," என்று ஓடிவந்து, பெட்டியின் பின்னால் ஒயரைச் செருகி, மறுமுனையைத் தன் ஆம்ப்ளிஃபயரில் மாட்டினார். அதிலிருந்து போன ஒயர்களின் முடிவில் தென்னைமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள்.

அதற்குள் ஒன்று நடந்திருந்தது, யாருக்கும் தெரியாமல். இனியா அழுத்தி அடித்ததில் ஒரு கட்டை கீழே போய், அம்மாவின் சந்தனத்தில் ஒட்டிக்கொண்டு, அங்கேயே நின்றுவிட்டது. பெட்டியில் நான் தேடி வைத்திருந்ததோ எனக்குப் பிடித்த அந்தச் சத்தம். மைக்செட்காரர் திருகைத் திருக, மெல்லக் கிளம்பியது. ஏறியது. ஏறி ஏறி, நூல்மில்லில் ஷிஃப்ட் சங்கு ஊதுவதைப் போல அயோத்தியாப்பட்டணம் முழுக்க நிறைந்து நின்றது.

இனியா இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, "நான் தொடல மாமா!" என்று அலறினாள். நான் கண்ணில் பட்ட பொத்தானையெல்லாம் அமுக்கினேன். ஒரு சங்கு இரண்டு சங்கானது. எதிர்வீட்டில் ஒருவர் சோப்பு நுரையோடு வெளியே வந்து நின்றார். பசு ஒரு முறை முறைத்தது. பிறகு கயிற்றைப் பிய்த்துக்கொண்டு, வாழைப்பழத் தட்டைத் தாண்டி, ஆத்தூர் ரோட்டைப் பார்த்து ஓடியது. பின்னாலேயே அக்காவின் கணவர், என் மச்சான், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

மைக்செட்காரர் ஒயரைப் பிடுங்கியபோது பசு கண்ணுக்குத் தெரியவில்லை. முகூர்த்தமோ முடியப் போகிறது. அய்யர் வாசலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கன்றுக்குட்டியைப் பார்த்தார். "இதுவும் பசுதானே. கூட்டிண்டு வாங்கோ," என்றார். அக்காவின் வீட்டுக்குள் முதலில் காலடி வைத்தது மிரண்டுபோன ஒரு கன்றுக்குட்டி. உள்ளே போனதும் அது சாணி போட்டது. நல்ல சகுனம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்றைக்கு வேறு சகுனம் எதுவும் கைவசம் இல்லை.

அக்கா திட்டவில்லை. "போச்சாது உடு சாமி," என்றாள், போனால் போகிறது என்பது போல. திட்டியிருந்தால் தேவலை. பந்தி முடிந்து மாடிக்குப் போனேன். இனியா தனியாக உட்கார்ந்து ஈரத்துணியால் கட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தாள்.

"பரவால்ல மாமா. பரீட்சைக்கு சார்ட்லயே பழகிக்கறேன். ரெண்டுலயும் சத்தம் வராது. ஆனா சார்ட்ல எண்பத்தெட்டு கட்டையும் இருக்குது."

அந்தப் பிள்ளை குத்திக்காட்டவில்லை, நிஜத்தைத்தான் சொன்னாள். நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து துடைத்தேன். ஊர் சிரித்தது பெரிதில்லை. அவள் கேட்ட ஒன்றை விட்டுவிட்டு, எனக்குப் பிடித்ததை அவள் தலையில் கட்டியிருந்தேன்.

அடுத்த நாளே பெட்டியோடு கடைக்குப் போனேன். விற்பனையாளர் குனிந்து பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "ஏனுங்க, மாரியாத்தாளாட்டம் அலங்காரம் பண்ணிக் கொண்டாந்திருக்கீங்க. இத எப்படிங்க திருப்பி எடுக்கறது?" என்றார். நான் வாதாடவில்லை. "நீங்க எது சொல்றீங்களோ அதையே குடுங்க," என்றேன். மனுசன் நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். லாரிக்குப் புது டயர் போடுவது தள்ளிப்போனது. போகட்டும், அது எப்படியும் பட்டறையில்தான் நின்றது.

டிஜிட்டல் பியானோவைக் கொண்டுபோய் இறக்கிய அன்று இனியா என் கையைப் பிடித்துக் கட்டைமேல் வைத்தாள். "மெதுவா அமுக்குங்க மாமா." மெதுவாகக் கேட்டது. "இப்ப பலமா." பலமாகக் கேட்டது. "இதுக்குத்தான் கனமா இருக்கோணும். நாம எப்படித் தொடறமோ அப்படி." அப்படியா சங்கதி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பரீட்சையில் நல்ல மார்க்கோடு பாஸ் செய்தாள். டீச்சரைவிட எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை.

சிந்தசைசர் என் வீட்டில்தான் இருக்கிறது. இயர்போன் மாட்டிக்கொண்டு நானும் ஏதோ தட்டுகிறேன், சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து நான் மிக்ஸி வாங்கினாலும் சரி, செல்போன் வாங்கினாலும் சரி, குடும்பத்தில் ஒரே கேள்விதான்: "சத்தம் வருதான்னு பாத்தயா?" பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, பெண் தலைகுனிந்து பேசாமல் நிற்க, மச்சான் என் காதில் அதையேதான் கேட்டார்.

போன வருடம் எனக்கு மகன் பிறந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் குடும்பமே நின்றது. நர்ஸ் கதவைத் திறந்து, "பையன்," என்றார். அக்கா முந்திக்கொண்டு, "ஏனுங்க, சத்தம் வருதுங்களா?" என்றாள். அந்தம்மா விழித்த விழிப்பைப் பார்க்க வேண்டும். அதற்குள் உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வராந்தா அதிரக் கேட்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இப்போது என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்ட இனியா என் முதுகில் தட்டினாள்.

"மாமா, இந்தத் தடவ ஸ்பீக்கரோட வாங்கிட்டீங்க."