வட சென்னையின் சிகரம் ஒரு துவைக்கிற கல்

அன்று அங்கே இருந்தவர்கள் நானும் என் தோஸ்து ரஃபீக்கும். இல்லாதவர்கள், என்னை வழக்கமாகத் தடுக்கும் அம்மாவும், எனக்கு எப்போதுமே இல்லாத நிதானமும்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான். அதனால் யார் எதைக் கேட்டாலும் "தெரியாது" என்று சொல்வதைப் பாவமாக நினைத்திருந்தேன். எனக்குப் பார்த்திருந்த பெண் ஸ்டெல்லா, எண்ணூரில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். ஞாயிறு மாலை அவள் வீட்டார் ராயபுரத்துக்கு மாப்பிள்ளை பார்க்க வருவதாக ஏற்பாடு. அன்று காலை அவளிடமிருந்து மெசேஜ்:

"வட சென்னைலயே இயற்கையா ஒசரமான எடம் எது? பசங்க கேக்குதுங்க. பரங்கிமலைனு சொல்லாதீங்க, அது சவுத்து."

(கொடுங்கையூர் குப்பைமேடு என்று போட்டிருக்கலாம். ஆனால் அது இயற்கை இல்லையே! மேம்பாலங்களும் தள்ளுபடி.)

மதியமே கிளம்பிவிட்டேன். அயர்ன் செய்த சட்டை, இன் பண்ணிய பேன்ட், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. உயரம் காட்டும் செயலி எங்களைத் திருவொற்றியூர் ஹைரோட்டை ஒட்டிய ஒரு சந்துக்குள் இழுத்துப் போனது. பழைய மணல்மேட்டின் மேல் எழும்பிய வீடுகள். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசல் வாசலாக நின்றேன். எண் ஏறி ஏறி, ஒரு வீட்டுத் துவைக்கிற கல்லருகே உச்சிக்குப் போனது. கல்லின் மேல் ஏறி நின்றேன். (கல்லும் இயற்கைதானே!) ரஃபீக் போட்டோ எடுத்தான்.

"இன்னா சார் அளந்துகினு கீற?" குடத்தோடு ஓர் அக்கா.

"அக்கா, இந்த ஏரியாவுலயே உங்க வூடுதான் ஒசரம். இதத்தான் தேடிகினு இருந்தோம்."

வீடுகளை எடுத்து ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்ற பேச்சில் அந்தச் சந்தே மாதக்கணக்காகத் தூக்கமில்லாமல் கிடந்ததாம். எனக்கு எப்படித் தெரியும்?

"அடியே மல்லிகா! வூட்ட இடிக்க ஆபீசரு வந்துகீறான்டி!"

நான் கல்லிலிருந்து இறங்குவதற்குள் ஹைரோட்டின் குறுக்கே கலர் கலராகக் குடங்கள் உட்கார்ந்துவிட்டன. ஒரு பஸ் நின்றது. அதன் பின்னால் கன்டெய்னர் லாரிகள், எண்ணூர் வரைக்கும் போலிருந்தது. என்னையும் தள்ளிக்கொண்டு போய்க் குடங்களுக்கு நடுவே நிறுத்தினார்கள்.

"நா ஆபீசர் இல்லக்கா!"

"அப்ப கய்த்துல தொங்கறது இன்னா, தாலியா?" என்றார் மல்லிகா அக்கா.

"மாமு, நா ஓடட்டா?" என்றான் ரஃபீக். (தோஸ்து!)

அப்போதுதான் பஸ்ஸிலிருந்து கையில் ஸ்வீட் பாக்ஸுடன் ஒரு பெரியவர் இறங்கி வந்தார். போனில் இருந்த படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். பின்னால் ஸ்டெல்லா. எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பியவர்கள் ஏறிய பஸ்தான் அது.

"இடிக்க மாட்டேன்னு இவன் எழுதிக் குடுத்தாத்தான் கொடத்த எடுப்போம்!" என்றது கூட்டம்.

லாரிகளின் ஹாரன் காதைக் கிழித்தது. பெரியவர் கண்ணை மூடித் திறந்து கத்தினார்:

"யம்மா! இவன் ஆபீசரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! எம் பொண்ண கட்டிக்கப் போற பையன்!"

அந்தக் கூட்டத்திலேயே அதிகம் அதிர்ந்தவன் நான்தான். எங்கள் வீட்டில் இன்னும் ஒரு காபிகூடக் குடிக்காத மனிதர்!

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியம்!"

"அப்ப கல்யாணத்துக்கு எங்க எல்லாரையும் கூப்புடணும் நைனா," என்று மல்லிகா அக்கா முதல் குடத்தைத் தூக்கினார்.

பஸ் ஏறப்போன ஸ்டெல்லா மெல்லக் கேட்டாள்: "கண்டுபுடிச்சீங்களா?" சந்துக்குள் இருந்த கல்லைக் கையால் காட்டினேன்.

மாதா மேல் சத்தியம் வைத்த பிறகு யார் பின்வாங்க முடியும்? கல்யாணத்துக்கு அந்தச் சந்து மொத்தமும் வந்தது, பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்தது. எப்படி அமைந்தது சம்பந்தம் என்று யார் கேட்டாலும் மாமனார் இன்றும் ஒரே பதில்தான் சொல்கிறார்:

"பஸ்ஸு நவுரணும்னு குடுத்தேம்பா. மொத்தச் செலவு ஒன்ற அண்டா பிரியாணி, ஒரு பொண்ணு."