கரடியூர்ப் பாறையில் என் மௌன தியானம்

கடவுளிடம் மகிழ்ச்சி கேட்பவர்கள், அது எந்த வழியாக வந்து சேர வேண்டும் என்று வரைபடமும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. நான் கொடுத்தேன்; வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுவில், சேலத்தில் தொலைபேசி வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பழுது கண்டுபிடிப்பதுதான் தொழில். இரண்டு வருடம் முன்பு அப்பா இறந்ததிலிருந்து என் செபத்திலும் ஒரு பழுது. பூசை, செபமாலை எல்லாம் முறையாக நடந்தன. ரிசீவரை எடுத்தால் டயல் டோன்தான் இல்லை. ஏற்காட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்திய மூன்று நாள் மௌன தியானத்துக்குப் பெயர் கொடுத்தேன். இதிலும் லைன் கிடைக்காவிட்டால் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிடுவது என்று முடிவு. (அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரே என்னை ஒரு வழி பண்ணியிருப்பார்.)

முதல் விதி, பேசக்கூடாது. வாயைத் திறந்தால் வந்த அருளும் வெளியே போய்விடும் என்பது நானாகச் சேர்த்துக்கொண்ட துணைவிதி.

இரண்டாம் நாள் மதியம், தனியாக நடந்து செபிக்கலாம் என்றார்கள். கரடியூர் வரை நடந்து, பள்ளத்தாக்கின் ஓரமாக ஒரு பாறையில் ஏறினேன். விவிலியத்தில் எரியும் முட்செடியின் முன் மோசே செருப்பைக் கழற்றியது நினைவுக்கு வந்தது. நானும் கழற்றி, ஜோடி சேர்த்து வைத்தேன். நேரம் பார்க்கக்கூடாது என்று கைக்கடிகாரத்தையும் கழற்றி அதன்மேல் வைத்தேன். பிறகு விளிம்பருகே நின்று, கண்ணை மூடி, கைகளை விரித்து, அழுதேன்.

பின்னாலிருந்து யாரோ என் சடையைப் பிடித்து இழுத்தார்கள்.

மல்லாந்து விழுந்தேன். காப்பிப் பழம் பறிக்க வந்த ஓர் அம்மாள் என்மேல் உட்கார்ந்துகொண்டார். நல்ல கனம்.

"அடிப்பாவி மகளே! இந்த வயசுல உசுரு மேல என்ன கண்ணு அப்படியொரு வெறுப்பு?"

நான் பேசவில்லை. விதி விதிதான்.

"பழனியம்மாக்கா, ஊமப்புள்ளயாட்ட இருக்குது" என்றாள் கூட வந்தவள்.

"இரு, பாக்கலாம். ஏய், பாம்பு!"

துள்ளினேன்.

"காது கேக்குது! ஊமையில்ல. மனசுதான் நொம்ப ஒடஞ்சு கெடக்குது."

சைகையில் விளக்கப் பார்த்தேன். கைகூப்பினேன், வானத்தைக் காட்டினேன், நெஞ்சைத் தொட்டேன்.

"பாத்தீங்களா? நான் மேல போறேன், உட்டுருங்கன்னு கும்பிடுது!"

அதற்குமேல் என் இரண்டு கைகளும் என்னிடம் இல்லை. ஆளுக்கொன்றாகப் பிடித்து, பழனியம்மா வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ராகிக் களியை அவரே ஊட்டிவிட்டார்.

"பொட்டப்புள்ள இல்லாத ஊடு இது. மூணும் பசங்க. நீ இங்கயே இருந்துக்கோ சாமி" என்று கண்ணைத் துடைத்தார். அப்பா போன பிறகு என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம்.

"உன்னய ஏமாத்தி உட்டுப்போட்டுப் போனவன் போறான். என்ற மூத்தவனுக்கே உன்னயக் கட்டி வெச்சுப்போடறேன்!"

"ஐயய்யோ, வேண்டாங்க!"

காப்பி மூட்டையோடு வாசலில் அப்போதுதான் வந்து நின்ற மூத்தவர் மூட்டையை மெதுவாக இறக்கினார்.

"ஏனுங்க, அத்தனை மோசமாவாங்க இருக்கறேன்?"

முதலில் வெடித்தது பழனியம்மா. அப்புறம் எல்லோரும். களி புரையேறி, கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்தேன். இரண்டு வருடத்துச் சிரிப்பு. மூச்சு வந்த பிறகுதான் விஷயத்தைச் சொல்ல முடிந்தது.

"சந்தோசம் வேணும்னு வாய மூடிட்டுத் திரிஞ்சியா? நல்ல கூத்துடி!" என்று பழனியம்மா மறுபடி சிரிக்க ஆரம்பித்தார்.

நம்பினாலும் தனியாக அனுப்பவில்லை. தியான இல்லம் ஆழ்ந்த மௌனத்தில் இருந்த மாலை நேரத்தில், "ஏனுங்க சிஸ்டரம்மா! உங்க புள்ளையப் புடிச்சுட்டு வந்துட்டோம்!" என்ற முழக்கத்தோடு ஊர்வலம் நுழைந்தது. சிஸ்டர் கதையைக் கேட்டு முக்காட்டுக்குள் முகம் புதைத்தார். தோள்கள் குலுங்கின.

சிற்றாலயத்தில் முழந்தாளிட்டேன். வரிசைப்படுத்தி வைத்திருந்த வேண்டுதல் ஒன்றும் நினைவில்லை. "அப்பா, இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். எந்த அப்பாவிடம் சொன்னேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் எனக்குத் திருமணம். பழனியம்மா மூத்தவரோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாதிரியார் "சம்மதமா?" என்று என்னைக் கேட்டபோது ஒரு கணம் தாமதித்துவிட்டேன்.

"பயப்படாமச் சொல்லு கண்ணு! வேண்டாம்னா என்ற மூத்தவன் இன்னும் சும்மாத்தான் இருக்கறான்!"

ஏற்கெனவே சம்மதம் சொல்லி முடித்திருந்த மாப்பிள்ளை, பதறிப்போய் இன்னொரு முறை சொன்னார்.

இன்றும் நான் கோபத்தில் பேசாமல் இருந்தால் அவர் சமாதானத்துக்கு வருவதில்லை. "கரடியூருக்கு ஒரு கடிதம் போடட்டுமா?" என்று பிள்ளைகளிடம் சத்தமாகக் கேட்கிறார். அன்று இரண்டு நாள் தாங்கிய என் மௌனம், இப்போது இரண்டு நிமிடம்கூடத் தாங்குவதில்லை.