தொண்ணூற்றேழு சதவீதம்

காத்தாடி நின்றபோது மத்தியானம் இரண்டு மணி. தாப்பாவிலிருந்து மலையேறும் ரோட்டில், அருவிச் சத்தம் கேட்கிற இடமாகப் பார்த்து, முந்தின நாள் காலையிலேயே வேனை ஓரங்கட்டியிருந்தார் அர்ச்சுனன். பின்னால் மெத்தையில் சரளா படுத்திருந்தாள்.

"ஏங்க..."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். மனைவியின் 'ஏங்க'வில் எத்தனை ரகம் உண்டு என்பது அவருக்கு மனப்பாடம். இது வேர்வை ரகம்.

"காத்து வரலியே?"

"சன்னல் வழியா மலைக்காத்து வருது பாரு சரளா, ஜில்லுனு!"

"வருது. கூடவே கொசுவும் வருது. ஐஸ்பெட்டியும் நின்னு போச்சு. உள்ள வச்ச கோழி என்னா கதின்னு பாருங்க."

பார்க்கத் தேவையில்லை. கோழியின் கதியை மூக்கே சொல்லிவிட்டது.

அர்ச்சுனன் எழுந்து முன்பக்கம் போனார். ஸ்டியரிங்குக்கு மேலே முருகன் படம். அதன் முன்னால் இருபத்துநாலு மணி நேரமும் எரிகிற சிவப்பு விளக்கு, இப்போது இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று மினுக்கிக்கொண்டிருந்தது. காத்தாடி நின்றால் பேட்டரி கோளாறு. சாமி விளக்கு மங்கினால் அது குடும்ப விஷயம்.

"முருகா, என்னா குத்தம் செஞ்சேன்?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

குற்றம் ஒன்றும் செய்யவில்லை, பாவம். முப்பத்தொரு வருஷம் ஈப்போவில் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். பின்னால் நாற்பது பேர் வாயைப் பிளந்துகொண்டு தூங்க, இவர் ஒருத்தர் மட்டும் கண்ணைக் கசக்கிக் கசக்கி ஓட்டினார். வேலையிலிருந்து நின்றதும் அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். தன் சொந்த வண்டியில், தானும் ஒரு நாள் காலை நீட்டிப் படுத்துத் தூங்க வேண்டும். அதற்காகவே ஒரு பழைய ஸ்கூல் வேனை வாங்கி, சீட்டைக் கழற்றி, மெத்தை போட்டு, கேம்பர் வேன் ஆக்கினார்.

என்ஜினுக்கு ஒரு பேட்டரி. காத்தாடி, லைட்டு, ஐஸ்பெட்டிக்குத் தனியாக இன்னொரு பேட்டரி. வண்டி ஓடினால் அது நிறையும், நின்றால் குறையும். இந்த வயரிங் வேலையெல்லாம் பிச்சைமுத்து கைவண்ணம். ஆயர் தாவார் பக்கம் அர்ச்சுனனும் அவரும் பிறந்த தோட்டத்தில், மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் லைட் போட்ட ஆள். நெற்றியில் திருநீறு இல்லாமல் ஸ்குரு டிரைவரைத் தொடமாட்டார். வேனில் அவர் முதலில் மாட்டியதே அந்த முருகன் விளக்குதான், அதுவும் அர்ச்சுனன் ஓட்டிய பஸ்ஸின் பழைய பிரேக் லைட் பல்பை வைத்து. அன்றைக்கு அர்ச்சுனனுக்குக் கண் கலங்கிவிட்டது.

புந்தோங் வீட்டுக்குத் திரும்பினால், வாசலில் சரளாவின் தம்பி தீபன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், பேசாம வேன எனக்குக் கொடுத்துருங்க. சைடுல பெருசா வெட்டி ஒரு சன்னல் வச்சா பர்கர் கடைக்கு அம்சமா இருக்கும்."

"வெட்டுறதா?" அர்ச்சுனன் தன் விலாவைத் தடவிக்கொண்டார்.

சரளா கெட்டுப்போன கோழியைக் குப்பையில் கொட்டிவிட்டு வந்தாள். "ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. தீபாவளி வரைக்கும் டைம் கொடுக்குறேன். ஒரே ஒரு தடவ, வெள்ளிக்கிழமை காலையில நிறுத்துன வண்டியில ஞாயித்துக்கிழமை மத்தியானம் பன்னெண்டு வரைக்கும் காத்தாடி நிக்காம ஓடணும். ஓடுனா வண்டி உங்களுது. நின்னா தீபனுது. அப்புறம் பேச்சு கிடையாது."

மறுநாளே அர்ச்சுனன் பேட்டரிக் கடைக்கு ஓடினார்.

கடைக்கார தவுக்கே ஒரு குட்டிப் பெட்டியை நீட்டினார். அதில் நாலு விளக்கு. பச்சை என்றால் பேட்டரி நிறைய இருக்கிறது, சிவப்பு என்றால் காலி. அவ்வளவுதான். பிச்சைமுத்து வந்து பத்து நிமிஷத்தில் மாட்டிவிட்டார். கையோடு, சாமி கோபம் தணிய அர்ச்சுனன் வாங்கி வைத்திருந்த கலர் பல்பு மாலையையும் முருகன் படத்தைச் சுற்றிக் கட்டிவிட்டார்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால் மீட்டரில் சிவப்பு. வண்டியை எடுத்து பெர்ச்சாம் வரைக்கும் ஓட்டி வந்தார், பச்சை. அடுத்த நாள் மறுபடியும் சிவப்பு.

"ஒன்னுமே போடலியேலா! காத்தாடி இல்ல, லைட்டு இல்ல, ஐஸ்பெட்டி இல்ல. அப்புறம் எப்படி சிவப்பு காட்டுது?"

"நெசமாவே காலியா இருக்கும்," என்றாள் சரளா.

"ஒனக்குத் தெரியாது. மூரா மீட்டர், பொய் சொல்லுது." மலிவு மீட்டரைப் பிடுங்கித் தீபன் கையில் கொடுத்தார். "இந்தா, வச்சு வெளையாடு."

அடுத்த மீட்டரைத் தேர்ந்தெடுக்க இரண்டு வாரம் பிடித்தது. கோப்பிக் கடையில் ஆளுக்கொரு யோசனை. ஒருத்தர் வோல்ட்டைப் பார்க்கச் சொன்னார், இன்னொருத்தர் ஆம்பியரைப் பார்க்கச் சொன்னார், மூன்றாமவர் நல்ல நாள் பார்க்கச் சொன்னார். கடைசியில் தவுக்கேதான் புரியவைத்தார். நல்ல மீட்டர் என்றால் பேட்டரி வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். உள்ளே வருகிற கரண்ட், வெளியே போகிற கரண்ட் எல்லாம் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். எண்ணி எண்ணி, இன்னும் எத்தனை சதவீதம் பாக்கி என்று சொல்லிவிடும்.

அர்ச்சுனனுக்குப் பளிச்சென்று விளங்கியது. "நம்ம பஸ் மாதிரி! ஒரே கதவு. ஏறுற ஆளையும் இறங்குற ஆளையும் நான் நின்னு எண்ணுவேன்ல, அந்த மாதிரி."

முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தலை தப்பியதில்லை அவர் கணக்கில். இப்படிப்பட்ட மீட்டர்தான் தனக்குத் தோது என்று முடிவு கட்டி வாங்கினார்.

பிச்சைமுத்து சீட்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு மாட்டினார். அர்ச்சுனன் கையில் குறிப்புத்தாள். "முத்து, எல்லா வயரும் இது வழியாத்தான் போவணும்னு போட்டிருக்கு. ஒன்னுகூட விடக்கூடாதாம்."

"கவலையே படாதீங்கண்ணே. காத்தாடி, லைட்டு, ஐஸ்பெட்டி, போன் சார்ஜர், நம்ம சாமான் ஒன்னு பாக்கியில்ல. எல்லாம் இது வழியாத்தான்."

முதல் வாரம் மீட்டர் நூறு காட்டியது. அர்ச்சுனன் தினமும் காலையில் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, மூன்று தடவை மீட்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சோற்றைக் கூடுதலாக ஒரு பிடி சாப்பிட்டார். அப்போதுதான் அவருக்கு அந்தச் சந்தேகம் வந்தது. சாமி விளக்கு இரவும் பகலும் எரிகிறதே, அது கரண்ட் இழுக்காதா?

போய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மீட்டரைப் பார்த்தார். முருகன் முன்னால் சிவப்பு விளக்கு எரிகிறது. கலர் மாலை ஓடி ஓடி மின்னுகிறது. மீட்டரில், வெளியே போகிற கரண்ட்: சைபர்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சைபர் புள்ளி சைபர்.

"சரளா! அடியே சரளா! ஓடி வா!"

சரளா மாவுக் கையோடு ஓடி வந்தாள்.

"இதப் பாரு. விளக்கு எரியுது. ஆனா கரண்டே எடுக்கல!"

எதற்கும் அசையாத சரளா, மீட்டரைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், மாவுக் கையாலேயே கும்பிட்டாள். "முருகா! நம்ம வீட்டு போர்ச்சிலயா நீ இருக்கே!"

அரை மணி நேரத்தில் பக்கத்து வீட்டு மாரியம்மா அக்கா கற்பூரத் தட்டோடு வந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் தெருவே வந்தது. வந்தவர்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வேனுக்குள் ஏறி, முதலில் மீட்டரைக் கும்பிட்டுவிட்டுப் பிறகு முருகனைக் கும்பிட்டார்கள். மாரியம்மா அக்கா, நாள் முழுக்க மந்திரம் சொல்லும் குட்டிப் பெட்டி ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்தார். அர்ச்சுனன் தன் பங்குக்கு வேல் மேல் விழுகிற மாதிரி ஒரு ஃபோகஸ் லைட் வாங்கினார். கரண்டா செலவாகப் போகிறது? பிச்சைமுத்துவைக் கூப்பிட்டார்கள். அவர் குளித்துவிட்டு வந்து, ஒரு சல்லிகூட கூலி வாங்காமல், பயபக்தியோடு மாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை, போர்ச்சிலேயே ஒத்திகை. காத்தாடி ஒரு மணி நேரம்தான் ஓடியது. மீட்டர் தொண்ணூற்றொன்பது என்றது, காத்தாடி நின்றுவிட்டது.

"காத்தாடி ரோசாக், கெட்டுப்போச்சு," என்றார் அர்ச்சுனன். புதுக் காத்தாடி வந்தது. அது நாற்பது நிமிஷத்தில் நின்றது.

"பேட்டரி கிழடாயிருச்சு," என்றார். புதுப் பேட்டரி வந்தது. அது கொஞ்ச நாள் தாக்குப்பிடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"அப்ப மீட்டர்தான் சரியில்ல," என்று, இருப்பதிலேயே உயர்ந்த மீட்டரை வாங்கினார். அது போனோடு பேசும். எத்தனை சதவீதம், எந்த நிமிஷம் எவ்வளவு போனது என்று கோடு கோடாகப் படம் போட்டுக் காட்டும். கீழே பொடி எழுத்தில் வேறு என்னென்னவோ ஓடியது, அதையெல்லாம் அவர் கண்டுகொள்ளவில்லை. பிச்சைமுத்து பழைய மீட்டரைக் கழற்றி அதே இடத்தில் புதியதை வைத்தார்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை விடிந்ததும் லுமுட் பக்கம் தெலுக் பாத்திக் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். மர நிழலில் வண்டியை நிறுத்தியபோது போன் நூறு என்றது.

அதற்குப் பிறகு வேனுக்குள் நடந்ததை ராணுவ ஆட்சி என்றுதான் சொல்லவேண்டும்.

"ஐஸ்பெட்டி வேணாம். மீன வெளிய பொட்டலமா தாப்பாவ் வாங்கிக்கலாம்."

"சரி."

"லைட்டு வேணாம்."

"சரி."

"சரளா, ஒன் போன சார்ஜ்ல போட்டியா?"

"ரெண்டு நிமிஷம்தாங்க! மக கூப்புடுவா!"

"வெளிய ஸ்டால்ல போய்ப் போடு!"

காத்தாடியை மட்டும், மூன்று வேகம் உள்ளதில் மிக மெதுவான வேகத்தில் விட்டார். அது சுற்றுவதை எண்ணிவிடலாம். சரளா மீட்டர் வந்த அட்டைப் பெட்டியால் விசிறிக்கொண்டு படுத்திருந்தாள். முன்பக்கம் மட்டும் ஜெகஜோதி. சிவப்பு விளக்கு, கலர் மாலை, ஃபோகஸ் லைட், மந்திரப் பெட்டி. கடற்கரைக்கு வந்த பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தன.

சனிக்கிழமை கழிந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்குக் கடல் காற்றில் அர்ச்சுனன் காலை நீட்டிப் படுத்தார். தன் வண்டி, தன் மெத்தை, அலைச் சத்தம். "சரளா, இது போதும்லா எனக்கு," என்றார். சரளா அட்டையை அவர் பக்கம் திருப்பி இரண்டு தடவை விசிறிவிட்டாள்.

பதினொன்றே காலுக்குக் காத்தாடி நின்றது.

மந்திரப் பெட்டி ஒரு மாதிரி இழுத்து முனகிவிட்டு அடங்கியது. அர்ச்சுனன் போனைப் பார்த்தார். தொண்ணூற்றேழு சதவீதம்.

"தொண்ணூத்தேழு இருக்கு சரளா! இங்க பாரு, தொண்ணூத்தேழு!"

"அந்தத் தொண்ணூத்தேழ வச்சு விசிறிக்குங்க," என்றாள் சரளா. ஆனால் அவள் குரலும் கம்மித்தான் இருந்தது.

சாயங்காலம் புந்தோங்கில், தீபன் கையில் அளக்கும் டேப்போடு தயாராக நின்றான். அர்ச்சுனன் வண்டிச் சாவியை மேசை மேல் வைத்தார். வைத்த கை சாவியை விட மறுத்தது.

"இரு," என்றாள் சரளா தம்பியிடம். "மொதல்ல முருகனக் கழட்டணும். பர்கர் கடையில அவரு இருக்கக்கூடாது."

"கோழி பர்கர்தான்கா போடப்போறேன்."

"அவரு கொடியில இருக்கிறதே சேவல். அவரு கண்ணு முன்னாடியே கோழிய வறுப்பியா?"

பிச்சைமுத்துவுக்குப் போன் போயிற்று. குளித்து, திருநீறு பூசி, குறடோடு வந்தார். முருகன் படத்தை எடுத்துச் சரளா கையில் கொடுத்துவிட்டு, வயரைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் ஊர்ந்து போனார். அர்ச்சுனன் டார்ச்சு அடித்தார். கடைசியாக ஒரு தடவை தன் பேட்டரியைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு.

காத்தாடி வயர் மீட்டருக்குப் போனது. லைட்டு வயர் மீட்டருக்குப் போனது. ஐஸ்பெட்டி வயரும் அங்கேதான் போனது. முருகனிடமிருந்து வந்த வயர்கள் மட்டும், ஒரு கற்றையாக, மஞ்சள் கயிறு கட்டி, மீட்டரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போய் நேராகப் பேட்டரி தலையில் ஏறியிருந்தன.

அர்ச்சுனன் டார்ச்சை மஞ்சள் கயிற்றுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"முத்து... இந்த வயரெல்லாம் ஏன் மீட்டர் பக்கமே போகல?"

பிச்சைமுத்து குறடைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

"என்னாண்ணே பேச்சு இது! சாமி எடுத்துக்கிறத நாம மீட்டர் வச்சு எண்ணலாமா? அதான் ஒவ்வொரு தடவையும் அவருக்கு மட்டும் நேரா பேட்டரியிலேர்ந்தே கொடுத்துட்டேன்லா!"