நல்ல தண்ணிக் கிணற்றுக்காரர்

நல்ல தண்ணிக் கிணற்றுக்காரர் என்றொரு மனித இனம் உண்டு. எங்கள் தீவுகளில் ஊருக்கு ஒருவராவது இருப்பார். இல்லாத ஊர்ச் சனம் அவரைத் தேடிக் குடத்தோடு அடுத்த ஊருக்குப் போகும். சுற்றிவரக் கடல். தோண்டிய இடமெல்லாம் தண்ணீர் வரும், ஆனால் வாயில் வைக்க முடியாது. மாடுகூட முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் குடிக்கும். இப்படிப்பட்ட மண்ணில் ஒருவருடைய வளவில் மட்டும் நல்ல தண்ணீர் ஊறினால் அவர் என்ன ஆவார்? கொடையாளி ஆவார் என்று நினைக்கிறீர்களா? இல்லை. அவர் கொடையாளி என்று மற்றவர்கள் நாள்தோறும் சொல்லவேண்டியவர் ஆவார்.

எனக்குத் தெரிந்தவர் குறிகட்டுவான் துறைக்குப் பஸ் போகும் தெருவோரம் இருந்த பரராசசிங்கத்தார். எண்பத்துமூன்று கலவரத்தில் இரத்தினபுரியில் கடை எரிந்து, உடுத்த வேட்டியோடு கப்பலில் வந்து இறங்கியவர். பாவம், கல்லாவுக்குப் பின்னால் இருந்தே பழகிய உடம்பு. ஊரில் இருந்து அதிகாரம் பண்ண ஓர் இடம் வேண்டாமா? கிணற்றடியில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டார்.

காலையில் குடங்கள் வந்து வரிசையாக நிற்கும். அவர் உடனே தண்ணீரைப் பற்றிப் பேசமாட்டார். சுகம் விசாரிப்பார், வெயிலைத் திட்டுவார், பிறகு தன் பாட்டனார் இந்தக் கிணற்றை வெட்டிய கதையைத் தொடங்குவார், கதையில் பாட்டனார் வருடத்துக்கு வருடம் இன்னும் கொஞ்சம் கடினமான பாறையை உடைப்பார், கேட்பவர்கள் தலையாட்டவேண்டும், ஆட்டாத தலைக்குச் சொந்தமான குடம் தானாகவே வரிசையின் பின்னுக்குப் போய்விடும். ஆருக்காவது தண்ணீர் இல்லையென்று சொன்னேனா என்று கேட்பார். சொன்னதே இல்லை. சாதி பார்க்கும் வழக்கமும் தனக்கில்லை என்பார். எல்லோருக்கும் தண்ணீர் உண்டு. துலாக் கயிறு மட்டும் சிலருக்கு இல்லை. அந்தச் சிலர் தள்ளி நிற்க, அவரே அள்ளி, வாளி குடத்தில் முட்டாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். பாதி நிலத்தில் சிந்தும்.

அந்தச் சிலரில் ஒருத்தி இராசேஸ்வரி. கைக்குழந்தைக்காரி. தாய்ப்பால் போதாமல் பிள்ளைக்குப் பால்மா கரைத்துக் கொடுத்து வந்தாள். உவர்த் தண்ணீரில் கரைத்தால் பால் திரைந்துவிடும். முன்பெல்லாம் பௌசர் லொறியில் தண்ணீர் வரும். பாதையில் சண்டை தொடங்கி பௌசர் நின்றபின் அவளுக்கு இந்தக் கிணற்றை விட்டால் வேறு வழியில்லை.

அள்ளி ஊற்றி ஊற்றிப் பரராசசிங்கத்தாருக்கு இடுப்பு நாரி பிடித்துக்கொண்டது. கயிற்றை இராசேஸ்வரியிடம் கொடுத்திருந்தால் அன்றைக்கே சுகமாகியிருக்கும். அவரோ சுவிசிலிருக்கும் மகனுக்கு எழுதினார். தண்ணீர் இறைக்கும் மிசின் வந்தது, தொட்டி வந்தது, தொட்டிக்குப் பைப் வந்தது. இனி யாரும் கிணற்றுக்குக் கிட்டவே வரவேண்டியதில்லை, எல்லோரும் சமமாகத் தள்ளி நிற்கலாம். வாங்கிய மிசினைச் சும்மா வைத்திருக்கலாமா? வாழைக்கு இறைத்தார், எலுமிச்சைக்கு இறைத்தார், அதன் சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கட்டும் என்று வெறும் முற்றத்துக்கும் இறைத்தார்.

எங்கள் நிலத்தில் நல்ல தண்ணீர் மேலே மெல்லிசாகக் கிடக்கும். கீழே கிடப்பது கடல். கையால் அள்ளும்வரை ஊறிக்கொண்டிருக்கும், மிசின் வைத்து உறிஞ்சினால் உப்பு மேலே ஏறிவிடும். இது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் அதெல்லாம் மற்றவர்களுடைய கிணற்றுக்கு என்று நினைத்திருந்தார்.

முதலில் வாயைத் திறந்தவள் இராசேஸ்வரி.

"ஐயா, தண்ணி உப்புச் சவராக் கிடக்கு. பால் திரையுது. பிள்ளை குடிக்குதில்லை, குடிச்சாலும் வயித்தாலை போகுது."

அவர் கதிரையில் நிமிர்ந்தார். பானையில் பிழை என்றார். பால்மா பழசு என்றார். பிள்ளைக்கு நாவூறு பட்டிருக்கும் என்றார். வரிசையில் நின்றவர்களைக் கேட்டார்; தலைகள் பழக்கத்தில் ஆடின. பிறகு ஒரு செம்பு தண்ணீரை எல்லோர் முன்னாலும் மடமடவென்று குடித்து, தேன் மாதிரி இருக்கிறது என்றார். கண் மட்டும் கொஞ்சம் கலங்கியது.

"மிசினைக் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுங்கோ ஐயா," என்றாள் அவள். "துலாவாலை அள்ளினால் நல்ல தண்ணி திரும்பி ஊறும். உங்களுக்கு ஏலாதெண்டால் நாங்கள் எல்லாருக்கும் அள்ளிக் குடுக்கிறம்."

"நீங்களோ?" என்றார். எழும்பிப்போய் மிசினை இயக்கினார்.

இதுவரை சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். இந்த இடத்தில் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரு பச்சைப் பிள்ளையின் போத்தல் பாலா, தன் கிணற்றுக் கயிறா என்று வந்தபோது யோசிக்கக்கூட அவர் நேரம் எடுக்கவில்லை.

இராசேஸ்வரியும் அயலவர்களும் கடற்கரை மணல்மேட்டுக்குப் போய்ப் பூவல் தோண்டினார்கள். பூவல் என்றால் மணலில் கையால் தோண்டும் சின்னக் குழிக் கிணறு. தண்ணீர் மெல்லமெல்லத்தான் கசியும், சிரட்டையால் கோலி எடுக்கவேண்டும். ஆனால் இனிக்கும். பிள்ளை மறுபடியும் பால் குடித்தது.

பரராசசிங்கத்தார் வீட்டுக் குசினியிலும் பால் திரையத்தான் செய்தது. பால் உடம்புக்குக் கூடாது என்று கண்டுபிடித்து அவர் வெறுந்தேநீருக்கு மாறினார். அதுவும் உப்புக் கரித்தது. தேயிலைக்காரன் கள்ளன் என்றார். அவர் மனைவி சறோஜினிதேவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு பின்னேரம் பின்வளவால் குடத்தோடு மணல்மேட்டுக்கு நடந்தாள். போனவளுக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. தள்ளியே நின்றாள். இராசேஸ்வரி அவளைப் பார்த்தாள். சொல்லியிருக்கக்கூடியவை நிறைய. சிரட்டையை நீட்டி இவ்வளவுதான் சொன்னாள்:

"வந்து அள்ளுங்கோ அக்கா. இஞ்சை ஆரும் அள்ளலாம்."

மறுநாள் சறோஜினிதேவி பால் விட்டுத் தேநீர் கொடுத்தாள். பரராசசிங்கத்தார் கோப்பைக்குள் பார்த்தார். அதைத் தூக்கிக்கொண்டு நேரே கிணற்றடிக்குப் போனார்.

"பாத்தியளே, பால் திரையேல்லை. எங்கடை கிணறு ஒருநாளும் சவராகாது."

வரிசையில் மிஞ்சியிருந்த ஓரிருவர் தலையாட்டினார்கள். மிசின் நிற்கவில்லை. சறோஜினிதேவியின் நடையும் நிற்கவில்லை. தினமும் அவள் நடந்தாள், தினமும் அவர் கோப்பையைக் காட்டினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குக் கிணறும் இல்லை, மிசினும் இல்லை. ஆனால் காலையில் உங்களுக்கும் தேநீர் வருகிறது. அதிலும் பால் திரைவதில்லை. அது யார் எவ்வளவு தூரம் நடந்து, யாரிடம் கேட்டு அள்ளிவந்த தண்ணீர் என்று ஒருநாளாவது குசினிக்குள் போய்க் கேட்டிருக்கிறீர்களா?

அவரும் கேட்கவில்லை.