எல்லாவற்றுக்கும் அந்தப் புரதம்தான்

உலகத்துக் கேள்விகள் அத்தனைக்கும் ஒரே பதிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியும் மனிதர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒருவருக்கு எல்லாமே வயிற்று வாயு. இன்னொருவருக்கு எல்லாமே கைப்பேசி. மழை பெய்தாலும் அதுதான், பெய்யாவிட்டாலும் அதுதான். நம் பேராசிரியருக்கு வாய்த்தது ஒரு புரதம்.

சாதாரணப் புரதம் என்று நினைத்துவிடாதீர்கள். செல்லுக்குள் துத்தநாகத்தையும் செம்பையும் கண்ட இடத்தில் இறுக்கிப் பிடித்துக்கொள்கிற சின்னஞ்சிறு புரதம். சில புற்றுக்கட்டிகளில் அது மிகுந்திருந்தால் கட்டி முரடாக வளர்கிறது, மருந்துக்கும் மசிவதில்லை. வேறு சில கட்டிகளிலோ அது குறைந்தால்தான் ஆபத்து. கூடினால் அது இருப்பது காரணம், குறைந்தால் அது இல்லாதது காரணம். இப்படியொரு பதில் கையில் கிடைத்தால் நீங்கள்தான் விடுவீர்களா?

அவர் விடவில்லை. குழாய் ஒழுகியதைச் சரிசெய்ய வந்தவரிடம், பிடிப்பு என்றால் என்ன என்பதைப் புரதத்திலிருந்து தொடங்கி விளக்கினார். வந்தவர் ஒழுகலை அப்படியே விட்டுவிட்டுக் கூலிகூட வாங்காமல் போனார். லாரி ஓட்டும் மைத்துனன் ஒருநாள் கண் கலங்கி வந்து நின்றான்.

"மச்சான், அவ கோவிச்சுக்கிட்டு அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டா."

"இங்கதான் நீ கவனிக்கணும். பிடிக்கத் தெரிஞ்சா மட்டும் போதாது, நேரம் பாத்து விடவும் தெரியணும். துத்தநாகத்தை அது எப்படி விடுதுன்னா…"

மைத்துனன் அன்று சாயங்காலமே மாமியார் வீட்டுக்குப் போய் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டான். பேராசிரியர் அதையும் புரதத்தின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்.

இத்தனையையும் பொறுத்துக்கொண்டு குடித்தனம் நடத்தியவர் அவருடைய மனைவி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. மைதானத்தின் அந்தக் கோடியில் ஏமாற்றுகிற பிள்ளையை இந்தக் கோடியிலிருந்தே அதட்டி உட்காரவைக்கிற குரல். அந்தக் குரல் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் தாழ்ந்து வந்தது.

"என்னங்க, மார்ல ஒரு கட்டி தட்டுப்படுது."

பேராசிரியரின் கையிலிருந்த கரண்டி நழுவியது. அவள் இல்லாத வீடு ஒரு கணம் கண்முன் வந்து நின்றது. 'பயப்படாதே, நான் இருக்கேன்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"பொதுவா அந்தத் திசுவுல பாத்தா, உலோகம் பிடிக்கிற புரதம்…"

மனைவி எழுந்துபோய்க் கை கழுவினாள்.

பரிசோதனை முடிந்து மருத்துவர் இருவரையும் அழைத்தார். மெல்லிய குரலில் நிதானமாகப் பேசுகிற பெண்மணி அவர். "புற்றுநோய்தான். ஆனா ஆரம்பத்துலயே பாத்துட்டோம். அடுத்த வாரம் ஆபரேஷன் வச்சுக்கலாம். ஏதாவது கேக்கணுமா?"

மனைவி கேட்கத்தான் வாயெடுத்தாள். மறுபடி ஓட முடியுமா என்று. முந்திக்கொண்டார் பேராசிரியர்.

"என் புரதம் எவ்வளவு இருக்குன்னு பாத்தீங்களா?"

"உங்க புரதமா?"

"இவ கட்டியில."

"அதை நாங்க வழக்கமா பாக்கறதில்லைங்க."

பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு நாற்காலி போடாத மாதிரி ஆகிவிட்டது அவருக்கு. பிறகு எழுந்து நின்று, மருத்துவரின் மேசையிலிருந்த எலும்புக்கூட்டுப் பொம்மையின் விரல்களைப் பிடித்து மடக்கி, புரதம் உலோகத்தை எப்படிக் கவ்வுகிறது என்று செய்து காட்டினார். ஒரு விரல் கையோடு வந்துவிட்டது. பரிசோதனைகள் முடிந்து மிஞ்சுகிற கட்டித் துணுக்கைத் தன் ஆய்வுக்கூடத்துக்குத் தர முடியுமா என்று, அந்த விரலைப் பிடித்தபடியே கேட்டார்.

"நோயாளி சம்மதிக்கணும்," என்று விரலை வாங்கிக்கொண்டார் மருத்துவர்.

நோயாளி உடனே சம்மதித்தாள், ஒரே நிபந்தனையோடு. "நான் வீடு வந்து சேர்ற வரைக்கும் அந்தப் பேச்சு என் காதுல விழக் கூடாது."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பார்வையாளர் நேரத்தில் பேராசிரியர் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தார், உட்கார்ந்துகொண்டே இருந்தார். பேச எதுவும் இல்லை! "ஜன்னல் பெருசா இருக்கு," என்றார். வெகு நேரம் கழித்து, "திரைச்சீலை நீலம்," என்றார். அடுத்த கட்டில்காரி இவரை ஊமையென்று நினைத்துச் சைகையில் பிஸ்கட் நீட்டினாள்.

துணுக்கு ஆய்வுக்கூடத்துக்கு வந்துசேர்ந்தது. சாயமேற்றி, நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்துத் தேடினார். திருப்பித் திருப்பித் தேடினார். புரதம் இல்லை. இருந்ததெல்லாம் ஒப்புக்குக் கொஞ்சம். தன் வீட்டுக்குள்ளேயே, தன் மனைவியிடமே, அவருடைய புரதத்தை ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு கட்டி வளர்ந்திருக்கிறது!

நிபந்தனை பறந்தது. மூச்சு வாங்க மருத்துவமனைக்கு ஓடிவந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அது இல்லம்மா! உன் கட்டியில கிட்டத்தட்ட இல்லவே இல்ல!"

"அது நல்லதா, கெட்டதா?"

"இந்த வகையில… அனேகமா நல்லதுதான்."

"பின்ன ஏன் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க? நான் பொழைச்சதுல சந்தோஷமா, உங்க புரதம் வராததுல வருத்தமா?"

பேராசிரியர் யோசித்தார். எந்தக் கணவனும் யோசிக்கக் கூடாத கேள்விக்கு, அடுத்த கட்டில்காரி பதறிப்போகும் அளவுக்கு நேரம் எடுத்து யோசித்தார்.

"ரெண்டும்," என்றார். சொல்லும்போது கண் நிறைந்துவிட்டது.

மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலியில் முகம் சுளித்து, மறுபடியும் சிரித்தாள்.

"சிரிக்காதம்மா, தையல் பிரிஞ்சிடும். எனக்குப் பயமா இருக்கு," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வாக்கியத்தில் உலோகம் எதுவும் இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

பாவம் மனிதர், இப்படியும் ஒரு ஆளா என்றுதானே நினைக்கிறீர்கள்? நல்லது. ஆனால் சென்ற வாரம் உங்கள் நண்பர் தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தபோது, "இதுக்கெல்லாம் காரணம் என்ன தெரியுமா?" என்று யாரோ இடைமறித்தார்களாமே. அந்த நண்பரே என்னிடம் வந்து சொன்னார். ஆளை மட்டும் சொல்லவில்லை. சொல்லும்போது உங்கள் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.